அரைப் பாகை

கிண்ணியாப் பாலம் தாண்டி
லான்ட்மாஸ்டரில் கட்டிக் கொண்டுவந்து
கண்டி வீதி, மூன்றாம் கட்டைப் பட்டறையில்
பழைய கல் இயந்திரத்தை இறக்கினார்கள்.

குறை சொல்ல வந்தவள் பத்மலோஜினி,
கட்டைபறிச்சான் பெண்கள் சங்கம்.
விரல் விட்டு எண்ணினாள்.
"வெளியில வரக்குள்ள மூலை உடையுது.
பிடி எட்டாது, எட்டினா ரெண்டு பேர் தொங்க வேணும்.
கை வழுகினா திருப்பி அடிக்கும்."
மூன்றாவது விரல் பாதிதான் இருந்தது.
அதையும் எண்ணினாள்.

"பெட்டி தேஞ்சு போச்சு.
ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு தகப்பன்ட பிள்ளை."

எப்போது வேண்டும் என்றேன்.
மாரிக்கு முந்தி என்றாள்.

நான் முதலில் வரைந்தது பிழை.
நெம்பை நீட்டினால் பலம் கூடும்,
பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு.
நீட்டினேன்.
கைபிடி தாளைத் தாண்டி மேசைக்குப் போனது.
எட்டிப் பார்த்தவள் சொன்னாள்:
"இதைப் பிடிக்க நான் கூரையில ஏற வேணும்."

சொல்லிவிட்டுக் குந்தி
மாதிரிக்குக் கொண்டுவந்த கல் இரண்டை
மடியோடு அணைத்து எழும்பினாள்.
நான் முகத்தைப் பார்க்கவில்லை,
முழங்காலைப் பார்த்தேன்.
மடங்கி நிற்கையில் நடுங்கியது.
நிமிர ஒரு விரற்கடை இருக்கையில்
எதையும் தாங்கும் போலிருந்தது.

மண்ணும் அப்படித்தானே,
முதலில் பஞ்சுபோல் இடம் விடும்
கடைசி விரற்கடையில் பிடிவாதம் பிடிக்கும்.
அது பிடிவாதம் தொடங்கும் இடத்தில்
இதன் பலமும் தொடங்கட்டும்:
இரண்டு இணைதண்டு, மூன்று முளை,
நெஞ்சு உயரத்தில் ஒரு பிடி.

முளைகளை ஹில்மி கடைந்து தந்தான்,
முறிந்த பஸ் அச்சிலிருந்து.
பெட்டியின் உட்சுவருக்கு லொறி வில்லுத் தகடு.
மணலைத் தேய்க்காதே என்று சொல்ல முடியாது.
தேய்கிற தகட்டைக் கழற்றக்கூடியதாக வைத்தோம்,
பதினாறு திருகாணி, ஒரே சாவி.

மூலை மட்டும் உடைந்துகொண்டே இருந்தது.
ஏழு கல், ஏழும் பல் போன வாய்.
எட்டாவதையும் உதைத்துவிட்டு
ஹில்மி பிளேன்ரீ குடித்தான்,
குடித்த கிளாஸில் ஈரமண்ணை அடைத்துச்
சும்மா கவிழ்த்தான்.
முழுசாக நின்றது.
இருவரும் கிளாஸைத்தான் பார்த்தோம்,
அடி ஒடுக்கம், வாய் அகலம்.

அரைப் பாகை.
தாளில் அது பென்சில் கோட்டின் தடிப்புக்குள்
ஒளிந்துகொள்ளும்.
பெட்டியைப் பிரித்து மீண்டும் ஒட்ட
ஆறு நாள்.

பரீட்சைக்குக் கட்டைபறிச்சானில் பூட்டினோம்.
கிறவல் ஏழு பங்கு, மணல் இரண்டு, சீமெந்து ஒன்று.
மூடியில் இரண்டாவது பிடி எதற்கென்று
சின்னப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கேட்டாள்.
"ரெண்டு கையும் ரெண்டு பிடியில இருந்தாத்தான்
மண் அமுங்கும்" என்றேன்.
லோஜினி ஒன்றும் கேட்கவில்லை,
பாதி விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு
இரண்டையும் பிடித்தாள்.
ஒருத்தியாகவே இழுத்தாள்.

மிதியை அமர்த்த
கல் எழும்பி வந்தது,
நாலு மூலையும் உயிரோடு.

நடுவில் பட்டாணி அளவு குழி.
மூடித் தகட்டில் ஒரு திருகாணித் தலையை
அராவ மறந்திருக்கிறேன்.
அரத்தை எடுத்தேன்.
அவள் பாதி விரலைக் குழியில் வைத்துப் பார்த்தாள்.
பொருந்தவில்லை.
"அராவ வேணாம்" என்றாள்.
ஏனென்று சொல்லவில்லை.

மூதூர்ப் பக்கம் மேசன்மார்
குழிக்கல் என்று கேட்டு வாங்குகிறார்களாம்,
சாந்து நல்லாய்ப் பிடிக்குதாம்.
ஒரு குழியில் எவ்வளவு சாந்து பிடிக்கும்?
நான் வாய் திறக்கவில்லை.

சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் பிந்திக் கொடுத்தேன்.
மாரி பன்னிரண்டு நாள் பிந்தியது.
மிச்சம் மூன்று நாள்,
ஆயிரத்து நூற்றெழுபது கல்,
தறப்பாளுக்குக் கீழே.